'வித்'தின் பழைய பகை

ஆங்கிலக் கவிதையில் 'வித்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'உடன்' போடுவது நம் மொழிபெயர்ப்பாளர்களின் கைப்பழக்கம். நானும் போட்டவன்தான். ஆனால் பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் பிரதான அர்த்தம் 'எதிராக'. பேவுல்ஃப் கிரெண்டலை எதிர்கொள்வது இந்தச் சொல்லால்தான். 'உடன்' என்பதற்கு அன்று 'மிட்' என்றொரு தனிச்சொல் இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் 'வித்' உள்ளே புகுந்து அந்த வீட்டுக்காரனையே வெளியேற்றிவிட்டது. 'மிட்' இன்று மருத்துவச்சியிடம், 'மிட்வைஃப்'பில், ஒண்டிக் கிடக்கிறது. பிரசவிப்பவளோடு இருக்கும் பெண் என்று பொருள். ('வைஃப்' அப்போது வெறும் பெண்தான், மனைவியாக வேண்டிய கட்டாயமில்லை.)

பழைய பகை முற்றாகப் போய்விடவில்லை. எதிர்த்து நிற்பதைச் சொல்லும் 'வித்ஸ்டாண்ட்'டில் இருக்கிறது. 'ஃபைட் வித்' என்றால் எதிர்த்தா, அணி சேர்ந்தா? வாக்கியம் சொன்னால்தான் உண்டு. நல்ல கவிஞன் சொல்லாமலும் விடுவான். அங்கே 'உடன்' போடுகிறவன் சண்டையைச் சமாதானமாக்கி அச்சேற்றுகிறான். தமிழில் இந்த இரட்டைத்தன்மையைத் தாங்க 'ஓடு' இருக்கிறது: அவளோடு வாழ்ந்தேன், அவளோடு மல்லுக்கட்டினேன். 'உடன்' இதற்கு வராது என்றில்லை; என் காதுக்கு அதில் கல்யாணப் பத்திரிகை வாடை.

ஒரு தம்பதியைப் பற்றிய கவிதையை முன்பு தமிழாக்கியிருந்தேன். எடுத்துப் பார்த்தேன். ஏழு இடங்களில் 'உடன்'. நான்கை அடித்துவிட்டேன். மீதி மூன்றில் அவர்கள் சேர்ந்திருக்கிறார்களா என்பது இன்னும் பிடிபடவில்லை.