காஞ்சி இல்லாப் புறம்: நாகரிகம் வளர்க்கும் கணிப்பொறி விளையாட்டுகள் பற்றிய ஒரு திறனாய்வு

இலக்கியத் திறனாய்வு ஏட்டில் எழுதிய நூல்களுக்கே உரியது என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. நாட்டுப்புறப் பாடலும் கூத்தும் கல்வெட்டும் பின்னர் ஒவ்வொன்றாக அதன் எல்லைக்குள் வந்தன. இன்று நம் மாணாக்கர் நாள்கணக்கில் தோய்ந்து கிடக்கும் மற்றொரு படைப்புவகை உண்டு. ஒரு சிற்றூரில் தொடங்கி, நிலம் தேடி, நகர் எடுத்து, படை பெருக்கிப் பேரரசாக வளரும் கணிப்பொறி விளையாட்டே அது. இவ்விளையாட்டுகள் மன்னரைப் போற்றுகின்றன, போரைப் புனைகின்றன, நாடும் நகரும் வளம்பெற்ற திறத்தைக் கூறுகின்றன. இவை மூன்றும் நம் புறப்பாடல்களின் பொருள்களே. ஆதலின், புறத்திணை இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு இவற்றை மதிப்பிடுதல் பொருந்தும் என்பது எம் கருத்து. அவ்வாறு மதிப்பிட்டுப் பார்த்தபோது யாம் கண்ட குறை ஒன்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. விளையாட்டின் இயல்பு

சிட் மெய்யர் என்னும் அமெரிக்கர் தலைமையில் 1991இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ இவ்வகைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. ஆடுவோர் முறை வைத்து ஆடும் விளையாட்டு அது. 1993இல் ஆலன் எம்ரிக் என்னும் திறனாய்வாளர் இவ்வகையின் தொழில்களை நான்காகத் தொகுத்தார். தேடுதல், பரவுதல், பயன்கொள்ளுதல், அழித்தல் என்பன அவை. இதற்கு உறவான மற்றொரு கிளையும் உண்டு. 1999இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பகுதி, முறைக்குக் காத்திராது எல்லோரும் ஒரே பொழுதில் ஆடுவது. இரண்டு கிளைகளிலும் தமிழ்நிலத்துக்கு இன்று இடம் உண்டு. 2022 ஏப்பிரலில் வந்த இந்திய அரசமரபுகள் பற்றிய இணைப்பு, ‘திராவிடர்’ என்னும் பெயரால் ஓர் இனத்தையும், இராசேந்திர சோழனின் போர்ச்செலவுகளைக் கூறும் ஒரு தொடரையும் சேர்த்தது. 2025 பிப்ரவரியில் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ ஏழாம் பகுதியில் சோழர் ஒரு நாகரிகமாகவே இடம்பெற்றனர்.

2. திணைப் பொருத்தம்

தொல்காப்பியர் புறத்திணையை ஏழாக வகுத்தார். அவற்றுள் வெட்சி முதல் வாகை ஈறாக உள்ள ஐந்தும் இவ்விளையாட்டுகளில் வியக்கத்தக்க முறையில் அமைந்துள்ளன. ஆநிரை கவர்தல் வெட்சி. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஆடத் தொடங்குவோர் முதற்கண் செய்வது சிதறிக் கிடக்கும் ஆடுகளைத் தேடித் தமதாக்குதலே. காவலின்றி விட்ட ஆட்டை மாற்றான் அணுகினால் அது அவனுக்கு உரியதாகிவிடும். மண்ணசையால் மேற்செல்லுதல் வஞ்சி. அதுவே இவ்விளையாட்டின் உயிர். மதில் வளைத்தல் உழிஞை. இரு படையும் களத்தில் எதிர்ந்து பொருதல் தும்பை. இவ்விரண்டுக்கும் இங்குக் குறைவில்லை.

வாகையின் பொருத்தம் இவற்றினும் நுட்பமானது. தொல்காப்பியர் வாகையைப் போர் வெற்றி ஒன்றற்கே உரியதாக்கவில்லை. அறிவர், தாபதர் முதலியோர் தத்தம் துறையில் மேம்படுதலையும் வாகையாகவே கொண்டார். ‘சிவிலைசேஷன்’ ஆறாம் பகுதியில் படையால் வெல்லுதலோடு அறிவியலால், பண்பாட்டால், சமயத்தால், தூதால் வெல்லுதலும் தனித்தனி வெற்றிகளாக எண்ணப்படுகின்றன. தமிழ் இலக்கண மரபை அறியாத மேனாட்டார், வாகையை இத்துணை விரிவாகக் கண்டது பாராட்டுக்கு உரியது.

எஞ்சியவற்றுள் பாடாணுக்கும் ஒருவாறு இடம் உண்டு. வென்றவனை இசையும் காட்சியும் கூடிப் போற்றுகின்றன. இல்லாதது காஞ்சி ஒன்றே.

காஞ்சி என்பதற்கு இருவகைப் பொருள் உண்டு என்பதை அறிஞர் அறிவர். புறப்பொருள் வெண்பாமாலை, மேல்வந்த பகைவனை எதிரூன்றித் தடுத்தலைக் காஞ்சி என்னும். அக்காஞ்சி இவ்விளையாட்டுகளில் நிரம்ப உண்டு. தொல்காப்பியர் கருத்து வேறு. உலகத்தின் நிலையாமையை உணர்தலும் உணர்த்துதலும், இறந்தாரைக் குறித்து எஞ்சியோர் இரங்குதலும் அவர் கூறும் காஞ்சியின்பாற்படும். யாம் இங்குக் காஞ்சி என்பது இதனையே. விளையாட்டின்கண் வீரன் விழுகிறான். விழுந்த அளவில் மறைகிறான். அவனுக்காக அழுவார் இல்லை.

3. மெய்க்கீர்த்தியின் நெறி

அங்ஙனமாயின் இவ்விளையாட்டு நம் இலக்கிய வகைகளுள் எதனை ஒக்கும்? மெய்க்கீர்த்தியை ஒக்கும் என்க. முதலாம் இராசராசன் காலத்தில் நிலைபெற்ற மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு ஏறுந்தோறும் நீண்டு செல்வது. புதிதாக வென்ற நாடு பட்டியலின் இறுதியில் சேரும். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த கடாரப் படையெடுப்பும், அப்போது கொண்ட ஊர்களும் வரிசையாக ஏறின. தோற்ற ஊரின் பெயர் அங்கே உண்டு. அவ்வூரார் குரல் இல்லை. விளையாட்டின் கணக்குப் பலகையும் அத்தகையதே.

தமிழர் வரலாற்றை இவ்விளையாட்டுகள் எடுத்தாண்ட முறையில் நன்மை இல்லாமல் இல்லை. ‘திராவிடர்’ படைவீரர் தமிழில் மறுமொழி கூறுகின்றனர். குதிரைப்படையில் மெலிந்து கடற்படையில் வலியராக அவர்கள் அமைக்கப்பட்டதும் ஏற்புடையதே. அவர்தம் மீனவர் ஏனையோரினும் மிகுதியான மீன் சுமப்பர் என்பதும் ஒரு சிறப்பு விதி. நெய்தல் நிலத்தை நினைவிற்கொண்டு செய்த விதி இது. எனினும், மீனவர்க்குத் தந்த சிறப்புச் சுமை ஒன்றே என்பதை நோக்குதல் வேண்டும். அவன் எவ்வளவு கொணர்வான் என்பதை விளையாட்டு அறியும்; எங்கு வாழ்வான், யாரோடு பகிர்வான் என்பதை அறியாது.

‘சிவிலைசேஷன்’ ஏழாம் பகுதியிலும் இதனைக் காணலாம். அங்கே அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் சோழர்க்கே உரிய இரு கட்டடங்கள். இரண்டும் ஒருங்கே அமைந்தால் ஐந்நூற்றுவர் பெயரால் ஒரு வட்டாரம் உண்டாகும். வரலாற்றில் இம்மூன்றும் வணிகக் குழுக்கள், கட்டடங்கள் அல்ல. சுமத்திராத் தீவின் பாருசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பொறித்து வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் மக்கள். கூடிப் பேசி முடிவு செய்த மக்கட் கூட்டத்தைப் பொன் விளைக்கும் கட்டடமாக மாற்றியதே இவ்வகைப் படைப்பின் இயல்பான பார்வையைக் காட்டும். பெயர்கள் பிழையின்றி உள்ளன; மக்களைத்தாம் காணோம்.

4. நெட்டுக்குப்பம் என்னும் நெய்தல்

இக்குறை விளையாட்டுக்குள் நின்று நோக்குவார்க்கு எளிதிற் புலப்படாது. ஆதலின் வெளியே நின்று நோக்க நமக்கு ஓர் இடம் வேண்டும். வடசென்னையில் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி, கொசத்தலையாறு கடலொடு கலக்கும் பகுதியில் அமைந்த மீனவர் ஊர் நெட்டுக்குப்பம். தேடுதல், பரவுதல், பயன்கொள்ளுதல் ஆகிய தொழில்கள் அனைத்தையும் தன்னைச் சுற்றிலும் கண்ட ஊர் அது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் எழுந்தது. பின்னர் காமராசர் துறைமுகம் எனப் பெயர்பெற்ற எண்ணூர்த் துறைமுகம், நிலக்கரி இறக்குதலை முதல் நோக்கமாகக் கொண்டு 2001இல் திறக்கப்பட்டது. இவற்றால் சென்னை மாநகர் ஒளிபெற்றது; பலர் தொழில் பெற்றனர். இதனை மறுத்தல் நேர்மையன்று. அதே கழியில் சாம்பல் படிந்ததும், 2017 சனவரியில் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கரையேறியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் புகுந்து படகிலும் வலையிலும் படிந்ததும் மறுக்க இயலாதனவே.

இந்நிலத்தை விளையாட்டு எவ்வாறு காணும்? ‘சிவிலைசேஷன்’ ஐந்தாம் பகுதி முதலாக நிலப்படம் அறுகோணக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உணவு இவ்வளவு, ஆக்கம் இவ்வளவு, பொன் இவ்வளவு என்று எண் உண்டு. சதுப்பு நிலத்தை வடித்து அகற்றலாம். ஆறாம் பகுதியில் அகற்றியவர்க்கு உடனே உணவும் கிடைக்கும். வழியில் சிறுகுடியூர்கள் தென்படும். ஆடுவோனின் படை அவ்வூரில் அடி வைத்தவுடன் பொன்னோ புதிய அறிவோ பரிசாகக் கிடைக்கும். அக்கணமே அவ்வூர் படத்திலிருந்து மறைந்துவிடும். பரிசு தந்த ஊர் எங்குச் சென்றது என்று எவரும் வினவுவதில்லை. குப்பங்களை அறிந்தவர் அந்தக் காட்சியைக் கண்டு சிறிது நேரம் ஆட்டத்தை நிறுத்தாமல் இரார்.

அகத்திணை மரபு நிலத்தை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து நோக்கும். விளையாட்டு முதற்பொருளை அறியும். நிலமும் காலமும் அதற்கு உண்டு. கருப்பொருளை அரைகுறையாக அறியும். மீனும் முத்தும் உப்பும் அதன் வளங்கள். உரிப்பொருளை அது அறியாது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கரையில் நின்று கடலை நோக்கி இரங்கும் ஒரு நெஞ்சம் இல்லையேல் அது நெய்தல் ஆகாது. வெறும் கடற்கரைக் கட்டமே ஆகும். அகத்தில் இரங்கல் இல்லாமையும் புறத்தில் காஞ்சி இல்லாமையும் ஒரு குறையின் இரு முகங்கள் எனலாம்.

முறை என்னும் சொல்லும் நம் கருத்தை விளக்கும். ‘சிவிலைசேஷன்’ முறை வைத்து ஆடுவது என்றோம். அங்கே ஒருவன் முறை என்பது அவன் மேலும் பெறுவதற்கான வாய்ப்பு. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் மீனவரிடையே ‘பாடு’ என்னும் வழக்கம் உண்டு. உரிமையுடைய ஊரார் சீட்டுப் போட்டு, மீன்பிடிக்கும் இடங்களை முறை மாற்றிப் பகிர்ந்துகொள்வது அது. அங்கே முறை என்பது பெறுதல் மட்டுமன்று. தன் நாள் முடிந்தபின் பிறர்க்கு விட்டுக்கொடுத்தலும் ஆகும். ஒரே நீரைப் பலரும் நெடுங்காலம் உண்ணுதற்கு வகுத்த இவ்வொழுங்கு நாகரிகம் அன்றென்றால் வேறெது நாகரிகம்? ஆயினும் எந்த வெற்றிக் கணக்கிலும் இதற்கு இடமில்லை.

5. ஒரு தடையும் விடையும்

விளையாட்டை விளையாட்டாகக் கொள்ளாது அதனிடம் இரக்கம் வேண்டுதல் முறையோ என்று சிலர் வினவக்கூடும். சதுரங்கத்தில் வீழ்ந்த காலாளுக்கு எவரும் அழுவதில்லையே என்பர். சதுரங்கம் தன்னை வரலாறு என்று கூறிக்கொள்வதில்லை. இவையோ நாகரிகம் என்றும் பேரரசு என்றும் பெயர் பூண்டு, உண்மையான மன்னர், கோயில், கலம் ஆகியவற்றின் பெயர்களை வழங்கி, கலைக்களஞ்சியமும் உடன் வைத்து வருபவை. வரலாற்றின் பெயரை மேற்கொண்டவை வரலாற்றின் கடனையும் மேற்கொள்ளுதல் வேண்டும்.

வலிமை மிக்க தடை வேறொன்று உண்டு. ஆறாம் பகுதியின் 2019ஆம் ஆண்டு இணைப்பில் நிலக்கரி எரித்தலால் வெப்பம் ஏறி, கடல்மட்டம் உயர்ந்து, தாழ்ந்த கரைக் கட்டங்கள் மூழ்குகின்றன. ஏழாம் பகுதி வெளிவந்தபோது ஊழியின் இறுதியில் நெருக்கடி தோன்றி, ஆடுவோர் தம் நாகரிகத்தை விட்டு வேறொன்றை ஏற்க வேண்டியிருந்தது. இவை நிலையாமை அல்லவோ எனின், நிலையாமையே, காஞ்சி அல்ல. மூழ்கிய கட்டம் குறைந்த எண்ணாகவே தோன்றுகிறது; அணை கட்டும் செலவாகவே அஃது உணரப்படுகிறது. நாகரிகம் மாறினும் தலைவன் மாறுவதில்லை. அவன் கணக்குத் தொடர்கிறது. அழிவு நிகழ்தல் மட்டும் காஞ்சி ஆகாது. அழிவை உணர்ந்து வென்றவன் செவியில் உரைக்கும் ஒருவன் இருத்தலே காஞ்சி.

6. பழந்தமிழ் காட்டும் வழி

பேரரசைப் பாடிய நம் புலவர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகள் உடையது. கரிகாலன் காடு திருத்தி நாடு கண்டதையும், நீர்நிலை அமைத்து வளம் பெருக்கியதையும், துறைமுகத்தில் குவிந்த பண்டங்களையும் அது விரிவாகக் கூறும். இக்காலத்து விளையாட்டு அனைத்துக்கும் முன்னோடி என்று சொல்லத்தக்க பகுதி அது. ஆயினும் அப்பாட்டில் அவன் பகைவர் நாடு பாழ்பட்ட காட்சியும் உண்டு. மேலும், அப்பட்டினமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் கூறுவதே பாட்டின் கருத்து. பேரரசின் செல்வம் முழுவதையும் ஒரு தட்டிலும் ஒருத்தியின் துயரை மறுதட்டிலும் வைத்து நிறுத்தவர் அப்புலவர். அந்நகரைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலை பின்னர்க் கூறிற்று.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி இதனினும் வெளிப்படையானது. தலையாலங்கானத்தில் வென்ற நெடுஞ்செழியனை அவர் குறைவறப் புகழ்கின்றார். புகழ்ந்த வாயாலேயே, இம்மண்ணை ஆண்டு மறைந்த மன்னர் எண்ணிறந்தோர் என்பதையும் நினைவூட்டுகின்றார். வாகை பாடியவரே காஞ்சியும் பாடுதல் தமிழ்ப் புறத்தின் தனி மாண்பு.

ஆதலின் இவ்விளையாட்டுகளை ஆராயப் புகும் இளைஞர், கோயிற் கோபுரம் சரியாக வரையப்பட்டதா, கலத்தின் பெயர் சரியா என்று நோக்குவதோடு அமைதல் கூடாது. மறைந்த சிறுகுடியூர் என்னவாயிற்று என்று வினவுதல் வேண்டும். தமிழ் மாணாக்கர் சிலர் நாளை இத்தகைய விளையாட்டுகளைத் தாமே ஆக்கவும் கூடும். அவர்கள் படத்தில் கழிமுகத்தருகே ஒரு குப்பம் இருக்கட்டும். படை அடி வைத்தபின்னும் அது மறையாமல் நிற்கட்டும். துறைமுகம் எழுந்த பின்னரும் அவ்வூரார் தம் முறைக்கு வலை வீசி, வென்றவனிடம் தாம் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும். அன்றுதான் அப்புறம் காஞ்சியும் பெற்று நிறைவுறும்.