பழிகரப்பும் பதிலின்மையும்: தொலைக்காட்சிக் கேளிக்கை மேடையில் நடிகரின் அரசியற் பேச்சு

தமிழகத்தில் நடிகர் அரசியல் பேசுவது புதிதன்று; அதைக் கேட்டுச் சலிப்பதும் புதிதன்று. எனினும் தொலைக்காட்சிக் கேளிக்கை நிகழ்ச்சியின் நடுவே வரும் அரசியற் கருத்து உண்டாக்கும் சலிப்பு, திரைப்படத்தையோ தேர்தல் மேடையையோ நோக்கி எழும் சலிப்பிலிருந்து வேறுபட்டது. 'பாட்டும் கூத்தும் பார்க்க வந்த இடத்தில் அரசியல் எதற்கு?' என்று பார்வையாளர் கேட்பதை இரசனைக் குறைபாடாகவோ அரசியல் அறியாமையாகவோ ஒதுக்கிவிடும் போக்கு ஊடக ஆய்வாளரிடம் உண்டு. இக்கட்டுரை அச்சலிப்பை நியாயமானதாகவே கொள்கிறது. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை ஏற்கவில்லை. ஸ்டார் விஜய் தொலைக்காட்சியில் 2017 ஜூன் முதல் ஒளிபரப்பாகிவரும் 'பிக்பாஸ்' நிகழ்ச்சியும், அதன் முதல் ஏழு பருவங்களைத் தொகுத்து வழங்கிய கமல்ஹாசனின் வாரயிறுதிப் பேச்சும் இங்கு ஆய்வுப் பொருளாகின்றன.

வழக்கமான காரணம் எளியது: நடிகனுக்கு அரசியல் தெரியாது, ஆகவே அவன் பேசக் கூடாது. இந்த வாதத்தின் வேர் நல்ல இடத்தில் இல்லை. திராவிட இயக்கக் கலைஞர்களை அவர்தம் எதிரணியினர் 'கூத்தாடிகள்' என்று எள்ளிய காலம் ஒன்று இருந்தது. அச்சொல்லில் ஒலித்தது கலைத்தரம் பற்றிய மதிப்பீடன்று. ஆடிப்பாடிப் பிழைக்கும் சாதியார் மீதான பழைய இளக்காரம். இன்று சமூக ஊடகத்தில் அதே சொல்லை எடுத்தாள்வோர் பலர் அதன் சாதிச்சுமையை அறியாமலே ஆள்கின்றனர். ஒரு குடிமகனின் கருத்துரிமையை அவன் தொழிலைக் காட்டி மறுப்பது எந்த மக்களாட்சிக் கோட்பாட்டிலும் அடங்காது.

வரலாறும் அவ்வாதத்திற்குத் துணை நிற்கவில்லை. எம்.ஆர். ராதா தம் நாடகங்களில் கதையை நிறுத்திவிட்டு அன்றைய செய்தித்தாள் அரசியலைப் பேசினார். கூட்டம் அதற்காகவே வந்தது. 1954இல் சென்னை மாகாண அரசு நாடக நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அதன் இலக்கு ராதாவே என்று பரவலாகக் கருதப்பட்டது. அச்சட்டத்தின் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என அறிவிக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராதாவின் பேச்சில் கேளிக்கையும் அரசியலும் இன்றைய தொலைக்காட்சியைவிட நெருக்கமாகவே கலந்திருந்தன. ஆயினும் அப்பேச்சு எதிர்வினைக்குத் திறந்திருந்தது. எதிரில் இருந்தவர் எழுந்து கூச்சலிடலாம், கல்லெறியலாம். காவல்துறை திரையை இறக்கலாம். பேசியவர் தம் பேச்சின் விலையைக் கொடுத்தார்.

வாரயிறுதி மேடையின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. வீட்டினுள் அடைக்கப்பட்ட போட்டியாளர்கள் நீள்இருக்கைகளில் வரிசையாக அமர்ந்திருக்க, தொகுப்பாளர் வெளியே அரங்கில் நின்று திரை வழியாக அவர்களோடு பேசுகிறார். வாரம் முழுவதும் நடந்தவற்றின் பதிவு அவர் கையில் உள்ளது. அவர்கள் கையில் நினைவு மட்டுமே உள்ளது. யார் வெளியேறுகிறார் என்பதைப் பார்வையாளர் வாக்கு முடிவு செய்தாலும் அதை அறிவிக்கும் குரல் தொகுப்பாளருடையது. அரங்கப் பார்வையாளரின் பங்கு கைதட்டல். ஆக, விசாரிப்பவர், தீர்ப்புரைப்பவர், அறிவுரை கூறுபவர் ஆகிய மூவரும் ஒருவரே. இவ்வமைப்பில் ஒருவர் விளக்குமாற்றை எங்கே வைப்பது என்று பேசினாலும் அது ஆணையாகவே ஒலிக்கும். அரசியலைப் பேசினால் சொல்ல வேண்டியதில்லை.

சங்க மரபில் செவியறிவுறூஉ என்னும் துறையில் சொல்பவரைவிடக் கேட்பவர் வலியவர். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி கொள்ளும் முறையை எடுத்துரைக்கும் புறநானூற்றின் 184ஆம் பாட்டு இதற்கு நன்கறிந்த சான்று. அறிவுரைக்கு எடை கூடுவது அந்த ஏற்றத்தாழ்வினால்தான். வாரயிறுதி மேடையில் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது, திசைதான் மாறிவிட்டது: மறுத்துப் பேச இயலாத போட்டியாளரை நோக்கி வலியவர் அறிவுரை சொல்கிறார். அவர் மெய்யாகவே சொல்ல விரும்பும் ஆளோ அவையில் இல்லை.

அவையில் இல்லாதவரைப் பற்றிய இந்தப் பேச்சை எவ்வகையில் அடக்குவது? தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறது. முன்னது வெளிப்படையான வசை. பின்னது மொழியை மறைத்துச் சொல்லும் பழி. செய்யுளுக்குச் சொல்லப்பட்ட இவ்விலக்கணத்தைத் தொலைக்காட்சிப் பேச்சுக்கு ஏற்றுவதில் சிறிது வலிதல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மேலை ஊடகக் கோட்பாடுகளில் உள்ள எந்தக் கலைச்சொல்லைவிடவும் இப்பகுப்பு இங்கே கூர்மையாகப் பொருந்துகிறது.

2018 பிப்ரவரி 21 அன்று மதுரையில் கமல்ஹாசன் மக்கள் நீதி மய்யம் கட்சியைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூனில் பிக்பாஸின் இரண்டாம் பருவம் தொடங்கியது. ஆகஸ்டில் போட்டியாளர் ஒருவர் சர்வாதிகார இராணியாக இருந்து பிறரை ஆட்டிவைக்கும் விளையாட்டு வீட்டினுள் நடந்தது. அதையொட்டி நிகழ்ச்சியில் எழுந்த சர்வாதிகாரம் பற்றிய பேச்சு, மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவை இழிவுபடுத்துவதாகச் சென்னைக் காவல்துறையில் புகார் அளிக்கப்பட்டது. புகாரின் தகுதி இங்கு நம் வினாவன்று. நிகழ்வின் இலக்கணமே வினா. பழிகரப்பின் இயல்பு, குற்றம் சாட்டப்பட்டவரே முன்வந்து 'இது என்னைப் பற்றியது' என்று ஒப்புக்கொண்டாலன்றி மறுக்க முடியாமை. 'ஜெயலலிதாவின் ஆட்சி சர்வாதிகாரம்' என்று ஒரு கட்சித் தலைவர் சொன்னால் அது ஒரு கூற்று; சான்று கேட்கலாம், எதிர்ச்சான்று தரலாம். வீட்டினுள் நடந்த விளையாட்டைப் பற்றிப் பேசும்போது அரங்கம் வேறொன்றை நினைத்துக் கைதட்டினால் அங்கே கூற்று எதுவும் இல்லை, கைதட்டல் மட்டுமே உண்டு. மறுக்க முனைபவர் நகைச்சுவை உணர்வற்றவராகவோ குற்ற உணர்வுடையவராகவோ தோன்றுவார்.

பழிகரப்பு தாழ்ந்த உத்தி என்பது இதன் பொருளாகாது. அடக்குமுறைக் காலத்தில் வாய்திறக்க இயலாதோரின் கருவி அது. ஆங்கில ஆட்சியில் தேசிய நாடகக்காரர்கள் புராணக் கதைக்குள் விடுதலையைப் பேசியதைத் தியடோர் பாஸ்கரன் விரிவாக ஆராய்ந்துள்ளார். அங்கே மறைத்தலுக்குத் தேவை இருந்தது. சொந்தக் கட்சியும் சொந்த மேடையும் செய்தியாளர் கூட்டமும் உடைய ஒருவர், எதிர்ப்பேச்சுக்கு இடமில்லாத ஒரே இடத்தைத் தேர்ந்து அங்கே மறைத்துப் பேசுவதற்கு அத்தேவை ஏது? என் கணிப்பில் பார்வையாளரின் சலிப்பு பிறக்கும் இடம் இதுதான். நடிகர் அரசியல் பேசுகிறார் என்பதைவிட, பேசிக்கொண்டே பேசவில்லை என்ற பாவனையில் இருக்கிறார் என்பதே உறுத்துகிறது.

இவரே செம்பொருளாகப் பேசிய தருணங்கள் உண்டு என்பதால் ஒப்பீடு எளிதாகிறது. 2017 ஜூலையில், முதற்பருவம் ஓடிக்கொண்டிருந்தபோது, அரசுத் துறைகளில் ஊழல் மலிந்திருப்பதாக அவர் நிகழ்ச்சிக்கு வெளியே கூறினார். அமைச்சர்கள் பெயர் சொல்லிக் கண்டித்தனர். அவர் மீண்டும் பதிலுரைத்தார். புகார்களை அமைச்சர்களுக்கே மின்னஞ்சலில் அனுப்புமாறு மக்களை அழைத்தார். அம்மோதலில் யார் பக்கம் நியாயம் என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் அங்கே கேள்வி இருந்தது, பதில் இருந்தது, இரு தரப்பும் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்றன. அந்த ஜூலைப் பேச்சைக் கேட்டுச் சலித்தோர் குறைவு என்றே எண்ணுகிறேன். சினந்தவர் பலர், அது வேறு.

சட்டமும் இவ்விடைவெளியைக் கவனிக்கவில்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகள் அரசியல் நோக்குடைய விளம்பரத்தைத் தடுக்கின்றன. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த ஆணையின்படி கட்சிகளின் தொலைக்காட்சி விளம்பரம் முன்சான்று பெற்றே வெளிவர இயலும். அரைநிமிட விளம்பரத்திற்கு இத்தனை கண்காணிப்பு. கட்சித் தலைவர் வாரந்தோறும் மணிக்கணக்கில் தோன்றும் கேளிக்கை நிகழ்ச்சி விளம்பரம் என்னும் வரையறைக்குள்ளேயே வருவதில்லை. நான்காம் பருவம் 2020 அக்டோபர் 4 முதல் 2021 ஜனவரி 17 வரை நடந்தது. இடையே, டிசம்பரில், அவர் மதுரையில் சட்டமன்றத் தேர்தல் பரப்புரையைத் தொடங்கிவிட்டார். தேர்தல் அட்டவணை பிப்ரவரி 26 அன்றே வெளியானதால் நடத்தை விதிகள் அதுவரை நடைமுறைக்கு வரவில்லை. வாரநாளில் வாக்குக் கேட்கும் முகமும் வாரயிறுதியில் நீதி சொல்லும் முகமும் ஒன்றே. இதனால் வாக்கு கிடைத்ததா என்றால் அதுவும் ஐயமே: கோயம்புத்தூர் தெற்கில் அவர் 1,728 வாக்குகளில் தோற்றார். பயன் சிறிதாயிற்று என்பது முறையைச் சரியாக்கிவிடாது.

பிறமொழிப் பதிப்புகளோடு ஒப்பிட்டால் தமிழ் நிலைமையின் தனித்தன்மை தெரியும். இந்தியில் சல்மான் கானும் மலையாளத்தில் மோகன்லாலும் தொகுப்பாளர்களாக அறிவுரை மழை பொழிந்தோரே. கன்னடத்தில் சுதீப் 2023 தேர்தலில் ஒரு கட்சிக்குப் பரப்புரையும் செய்தார். ஆனால் கட்சியைத் தோற்றுவித்த தலைவரே அந்நாற்காலியில் ஆண்டுதோறும் அமர்ந்தது தமிழில்தான்.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். செய்தி விவாதங்களைப் பார்க்காத, பார்க்க நேரமில்லாத பெரும் பார்வையாளர் திரள், அதிலும் வீட்டுப் பணியில் இருக்கும் பெண்கள், கேளிக்கை நிகழ்ச்சி வழியாகவே பொது வாழ்வின் பேச்சைக் கேட்கின்றனர். அவ்வழியை அடைப்பது அவர்களை இன்னும் விலக்கும். இவ்வாதத்தில் உண்மை உண்டு. நான்காம் பருவத்தில் தொகுப்பாளர் வாரந்தோறும் ஒரு நூலைப் பரிந்துரைத்தது தமிழ்ப் பதிப்புலகில் வரவேற்கப்பட்டதை இங்கு நினைவுகூரலாம். நூற்பரிந்துரை, வேண்டுவோர் வாங்கிப் படித்து மறுக்கக்கூடிய ஒன்று; எனவே அது யாரையும் சலிக்கவைக்கவில்லை. அதே மேடை, அதே குரல், அதே பார்வையாளர். ஆகவே அரசியலை நீக்குவது தீர்வாகாது, எதிர்க்குரலுக்கு இடம் வைப்பதே தேவை.

அதற்கான வடிவம் நம்மிடம் இல்லாததன்று. மணிமேகலையின் விழாவறை காதை பட்டிமண்டபத்தைக் குறிப்பிடுகிறது. பண்டிகை நாள் தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தைக் கல்விப்புலத்தார் எவ்வளவு கேலி செய்தாலும் அங்கே இரண்டு அணிகள் உண்டு. நடுவர் தீர்ப்புக்கு முன் இரு தரப்பையும் கேட்டாக வேண்டும். 'நீயா நானா'வில் எதிர்வரிசை எதிரிலேயே அமர்ந்திருக்கிறது. இவற்றில் அரசியல் வந்தால் கூட்டம் நெளிவதில்லை. இவற்றையும் வாரயிறுதி மேடையையும் 'கேளிக்கையில் அரசியல்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்து எழுதப்படும் ஆய்வேடுகள் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

2024இல் எட்டாம் பருவத்திலிருந்து தொகுப்பாளர் பொறுப்பு விஜய் சேதுபதிக்கு மாறியது. 2025 ஜூலையில் கமல்ஹாசன் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார். அங்கே அவர் பேச்சின் நடுவே இன்னோர் உறுப்பினர் குறுக்கிடலாம். குறுக்கீடும் பதிலும் அவைக்குறிப்பில் அச்சேறும். ஏழு பருவங்களின் வாரயிறுதிப் பேச்சுக்கு அத்தகைய குறிப்பேடு எதுவும் இல்லை. படத்தொகுப்பில் வெட்டியது போக எஞ்சியதே ஒளிபரப்பாயிற்று. அதிலுள்ள அரசியற் பகுதிகளைத் தனியே எழுத்தாக்கி, செம்பொருள் எவ்வளவு, பழிகரப்பு எவ்வளவு என்று பகுத்துக் காட்டும் பணியை ஆய்வாளர் எவரேனும் மேற்கொள்ள இடம் இருக்கிறது.