உள்பக்கம்

உங்கள் வீட்டில் பழைய பொங்கல் வாழ்த்து ஒன்றாவது பத்திரமாக இருக்கிறதா? இருந்தால் தேடி எடுங்கள். முன்பக்கத்தில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். கரும்பு, பானை, சூரியன், கொம்பில் பெயின்ட் அடித்த இரண்டு மாடுகள். இல்லாவிட்டால் ரஜினி, கமல். எண்பதுகளில் பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே கடைவாசலில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். கவரை ஒட்டாமல், மூடியை உள்ளே மடக்கி புக் போஸ்ட்டில் போட்டால் தபால் செலவு மிச்சம் என்று கடைக்காரரே சொல்லிக் கொடுப்பார்.

எனக்கு வேண்டியது உள்பக்கம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

போன மாதம் எங்கள் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க ஹாலில் ஒரு கண்காட்சி. கையால் செய்த வாழ்த்து அட்டைகள். எட்டு மேஜை. ஏழில் பெண்கள், எட்டாவதில் ஒரு ரிட்டயர்டு வங்கி அதிகாரி. மின்விசிறி போட்டால் அட்டை பறக்கிறது என்று அதை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் வியர்த்துக்கொண்டே பாராட்டிக்கொண்டிருந்தோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தம். ஒரு அம்மாள் என் கண்ணெதிரிலேயே செய்து காட்டினார். ரப்பர் ஸ்டாம்ப்பை, சீக்கிரம் காயாத மையில் தொட்டு அட்டையில் அழுத்துகிறார். ஈரம் காய்வதற்குள் ஒரு நைஸான பவுடரைத் தூவி, அட்டையைச் சாய்த்துத் தட்டுகிறார். மை இருக்கும் இடத்தில் மட்டும் பவுடர் ஒட்டி நிற்கிறது. பிறகு ஹேர் டிரையர் மாதிரி ஒன்று, ஆனால் அதைவிடப் பல மடங்கு சூடு. அதைக் காட்டியதும் பவுடர் உருகி, கோடெல்லாம் தங்க விளிம்பு கட்டினாற்போல மேலே எழும்புகிறது. விரலால் தடவினால் தட்டுப்படுகிறது. சாதாரண ஆபீஸ் ஸ்டாம்ப்பை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு (நான் பி.காம்., ‘பெய்டு’, ‘கேன்சல்டு’ தவிர வேறு ஸ்டாம்ப் அறியேன்) அது நிஜமாகவே வித்தைதான். நம் ஊரில் ரப்பர் ஸ்டாம்ப் என்றால் சொந்த புத்தி இல்லாதவர் என்றல்லவா அர்த்தம்?

அடுத்த மேஜையில் குவில்லிங். மூன்று மில்லிமீட்டர் அகலக் காகிதக் கீற்றுகளை ஊசியில் சுற்றிச் சுற்றி ஒரு மயில். தோகை மட்டும் இருநூறு சுருளாவது இருக்கும்.

இனி குறை. எட்டு மேஜையில் ஐந்தில் ஒரே வண்ணத்துப்பூச்சி. நான்கில் ஒரே ஈஃபில் கோபுரம். ஒரே கம்பெனி ஸ்டாம்ப் செட்டை எல்லோரும் வாங்கினால் வேறென்ன ஆகும்? தினமும் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்கள், அட்டை என்றதும் பாரிஸுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு கோலம்கூட இல்லை.

விதிவிலக்கு அந்த வங்கி அதிகாரி. அவர் ஸ்டாம்ப் எதையும் வாங்குவதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரை பிளேடால் செதுக்குகிறார். பாகல் இலை, காபி டம்ளர், அவருடைய பழைய ஸ்கூட்டர். ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டைத் தலைகீழாக, அதாவது கண்ணாடி பிம்பமாகச் செதுக்க மறந்துவிட்டார். அதனால் அட்டையில் நம்பர் இடம் வலம் மாறி விழுகிறது. ‘‘திருத்தலாம்னு நெனச்சேன். அப்புறம், இருக்கட்டும், எவன் சலான் போடப் போறான்’’ என்றார். அந்த ஹாலிலேயே உருப்படியான அட்டை அதுதான் என்பது என் தாழ்மையான தீர்ப்பு.

ஆனால் அவருடையது உட்பட எந்த அட்டையைப் பிரித்தாலும் உள்ளே அதே கதை. ‘ஹேப்பி பர்த்டே’. ‘வித் லவ்’. அதுவும் ஸ்டாம்ப். இருநூறு சுருள் சுற்றப் பொறுமை இருக்கிறது, ‘அன்புள்ள’ என்று பேனாவால் எழுதப் பொறுமை இல்லை.

இந்த நோய்க்கு வயது அதிகம். 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசாங்க அதிகாரி. அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு பென்னிக்கு எங்கும் கடிதம் அனுப்பலாம் என்ற திட்டம் வந்திருந்தது. அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் இவரும் ஒருவர். வினை, கிறிஸ்துமஸ் வந்தால் கடிதங்கள் குவிகின்றன. பதில் எழுதாவிட்டால் மரியாதை இல்லை. எழுத நேரம் இல்லை. ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரிடம் படம் வரைந்து வாங்கி, அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டவைத்தார். ஒரு குடும்பம் கோப்பை உயர்த்தி வாழ்த்துகிறது. குழந்தைக்கும் ஒயின் கொடுக்கிறார்கள் என்று மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தது தனிக்கதை. மேலே ‘பெறுநர்’ கோடு, கீழே ‘அனுப்புநர்’ கோடு, நடுவே அச்சடித்த வாழ்த்து. தபால் செலவு ஒரு பென்னி, அட்டை விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு மடங்கு. எழுதாமல் தப்பிக்க அவ்வளவு கொடுக்க ஆள் இருந்தது.

ஆக, வாழ்த்து அட்டை பிறந்ததே கடிதத்திலிருந்து தப்பிக்கத்தான். கையால் செய்கிறவர்களாவது அதைத் திருப்பிக் கடிதமாக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். பவுடர் தூவிய அம்மாளிடம் இதைக் கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. ‘‘முதல்ல உள்ளே காலியாத்தான் சார் விட்டேன். ‘என்னங்க, ஒண்ணுமே இல்லையே’ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒரு பையன் அவங்கம்மாவுக்குன்னு வாங்கினான். ‘நீங்களே ஏதாவது எழுதிக் குடுங்கக்கா’ங்கறான். அவங்கம்மாவைப் பத்தி எனக்கு என்ன சார் தெரியும்?’’

எனக்குப் பதில் இல்லை. பேச்சை மாற்ற, தெரிந்த தொழிலுக்குப் போனேன். கணக்கு. அட்டை விலை 120 ரூபாய். அட்டை, மை, பவுடர், முத்து, கவர் எல்லாம் சேர்த்து 35. மேஜை வாடகையில் இந்த அட்டையின் பங்கு 10. மீதி 75. வேலை ஒன்றரை மணி நேரம். மணிக்கு 50 ரூபாய். அதுவும் விற்றால்.

‘‘ஸ்டாம்ப் செட்டுக்குத் தேய்மானம் போட்டீங்களா?’’

‘‘போட்டா அழுகை வரும் சார். விடுங்க.’’

மகளின் கல்லூரி பஸ் கட்டணம் இதில்தான் வருகிறது என்று அவர் சொன்னது பில் போடும்போது, போகிறபோக்கில். விலையைக் குறைத்துக் கேட்க வாய் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன். 120 ரூபாய்க்கு அச்சகத்து அட்டை இதைவிடப் பளபளப்பாகக் கிடைக்கும். ஆனால் அங்கே ஒன்றரை மணி நேரம் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர்கள் பங்கு வேலையைச் செய்துவிட்டார்கள். உள்ளே எழுத வேண்டிய இரண்டு வரியையும் அவர்களையே செய்யச் சொல்கிறோமே, நாம்தான் அநியாயம் செய்கிறோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குறையை எழுதவந்தவன் இந்தப் பக்கம் வந்து நிற்கிறேன்.

இப்போது உள்பக்கம். 1999 பொங்கலுக்கு என் அக்கா அனுப்பிய அட்டை என்னிடம் இருக்கிறது. அப்போது நான் மும்பையில் ஒரு ஆடிட்டரிடம் எடுபிடி. கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பின்பக்கத்தை வெட்டி மடித்து, வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, சிவப்பு மையில் தோய்த்து ஏழு பூ. ஒரு பூ சரியாக விழாமல் அப்பிவிட்டது. அதற்குக் காம்பு வரைந்து இலையாக்கிவிட்டாள். உள்ளே எழுதியது: ‘‘அப்பாவுக்கு சுகர் 210. நீ பயப்படாதே. சக்கரைப் பொங்கல் கேட்டு அடம் பிடிக்கிறார். நீ வந்தால் உன் பேச்சைக் கேட்பார்.’’

நான் போகவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு அட்டை வாங்கி அனுப்பினேன். வழவழ காகிதம், முன்னால் ரோஜா, உள்ளே நாலு வரி இங்கிலீஷ் கவிதை அச்சிலேயே இருந்தது. கீழே கையெழுத்து மட்டும் போட்டேன்.

அடுத்த மாதம் அக்காவுக்குப் பிறந்த நாள். நம்பர் தலைகீழான ஸ்கூட்டர் அட்டையில் ஒன்று வாங்கியிருக்கிறேன். ‘‘உள்ளே ஸ்டாம்ப் போட்டுடட்டுமா?’’ என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். நாலு நாளாயிற்று. ‘அக்காவுக்கு’ வரைக்கும் வந்திருக்கிறேன்.