முகத்திற்கு உரியவர் யார்?

ஏழை மக்களின் வாழ்வை உள்ளவாறு காட்டுதலே யதார்த்தக் கலையின் முதற் கடன் என்று நாம் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்திருக்கிறோம். அக்கொள்கையில் இன்றும் பிழையில்லை. ஆயினும், சிறுகதை காட்டும் ஏழைக்கும் புகைப்படம் காட்டும் ஏழைக்குமிடையே அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. கதையில் வரும் கூலித் தொழிலாளி பலரிலிருந்து திரட்டி ஆக்கப்பட்ட வகைமாதிரி. வாசகர் நகைத்தாலும் நாணித் தலைகுனிவதற்கு அவன் தெருவில் நடமாடுவதில்லை. படத்தில் இருப்பவனோ நாளைக் காலை கடைக்குப் போகவேண்டியவன். கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படப்பிடிப்பாளராயும் பதிப்பாளராயும் ஆகிவிட்ட இக்காலத்தில், இவ்வேறுபாட்டை ஆராய்வது விமர்சகனின் பொறுப்பாகிறது.

'புலம்பெயர் தாய்' என உலகறிந்த படத்தை எடுத்துக்கொள்வோம். 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம், கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றித் தவித்த தொழிலாளர் முகாமிலே, அமெரிக்க அரசின் நிவாரண நிறுவனமொன்றிற்காக டொரத்தியா லாங் எடுத்த படம் அது. முப்பத்திரண்டு வயதுத் தாய் கன்னத்தில் கைவைத்து எங்கோ நோக்குகிறாள். இரு பிள்ளைகள் முகத்தைத் திருப்பி அவள் தோளிற் சாய்ந்திருக்கின்றனர். கலை என்ற முறையில் அதிற் குறைகாண்பது அரிது. லாங் அங்கு எடுத்த படங்கள் பத்திரிகையில் வெளிவந்ததும் அம்முகாமுக்கு 20,000 இறாத்தல் உணவு அனுப்பப்பட்டது. ஆனால், உணவு வந்தபோது அத்தாயும் பிள்ளைகளும் வேலை தேடி வேறிடம் சென்றுவிட்டிருந்தனர்.

அவளுடைய பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங் 1960இல் எழுதினார். புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற அப்பெயரை உலகம் அறிந்தது 1978இலேதான். தன் முகத்தால் ஒரு சதமும் தனக்குக் கிட்டவில்லையென்றும், அப்படத்தை எடுக்காமலே விட்டிருக்கலாமென்றும் அவர் அப்போது மனங்கசந்து கூறினார். உணவுக்காகக் காரின் டயர்களை அவர்கள் விற்றனர் என்பது லாங் எழுதிய குறிப்பு; விற்பதற்கு எம்மிடம் டயர்களே இருக்கவில்லை என்றார் அவர் மகன். அவலம் உண்மை, அதற்குச் சூட்டப்பட்ட கதை பிறருடையது. உழைப்பு மட்டுமன்றி உழைப்பாளியின் முகமும் அவன் கையைவிட்டுப் போவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? பதிப்புரிமை பொதுவாகப் படம் எடுத்தவரைச் சாரும், முகத்துக்குரியவரைச் சாராது. முகத்துக்குத் தனியுரிமை வழங்கும் சட்டங்களின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. 1898இல் பிஸ்மார்க் இறந்த இரவில் இருவர் அவர் மாளிகையினுள் நுழைந்து சடலத்தைப் படம் பிடித்தனர். அதனால் எழுந்த கிளர்ச்சியின் பின்னரே, ஒருவரின் படத்தை வெளியிட அவருடைய சம்மதம் வேண்டுமென்னும் சட்டம் 1907இல் ஜெர்மனியில் இயற்றப்பட்டது. அங்கே சட்டத்தைத் தூண்டியது ஒரு பிரபுவின் முகமே.

சாதாரண மனிதர் ஒருவரின் வழக்கையும் பார்ப்போம். 1988இல் மொன்றியல் நகரத் தெருவொன்றிற் கட்டிட வாயிற்படியில் அமர்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணின் படத்தைக் கலைச் சஞ்சிகையொன்று அவளைக் கேளாமலே வெளியிட்டது. விற்பனையானவை எழுநூறு பிரதிகளுக்குச் சற்று மேல். படத்தில் இழிவு எதுவுமில்லை. தோழர்கள் கேலி செய்தனர், அவ்வளவே. அவள் வழக்குத் தொடுத்தாள். கலைச் சுதந்திரம் மதிக்கத்தக்கதெனினும் அது ஒருவரின் படத்தின் மேல் அவருக்குள்ள உரிமையைத் தானாகவே வென்றுவிடாது என்று கனடாவின் உயர் நீதிமன்றம் 1998இல் பெரும்பான்மையாற் தீர்த்து, 2,000 டொலர் நட்டஈட்டை உறுதிசெய்தது. பொதுவாழ்வினர், பொதுநலன் சார்ந்த நிகழ்ச்சி, கூட்டத்தில் தற்செயலாய் அகப்பட்டோர் ஆகிய விலக்குகளையும் அது வகுத்தது. எழுநூறு பிரதிகளுக்கே இத்தீர்ப்பெனின், ஒரு விரலசைவில் ஆயிரக்கணக்கானோரைச் சென்றடையும் முகநூற் படத்திற்கு நாம் என்ன கூறுவோம்?

இக்கேள்வியை நான் ஏட்டிலிருந்து கற்கவில்லை. எமது பாடசாலையில் ஒரு சங்கத்தார் கொப்பிகள் வழங்கினர். பிள்ளைகளை நிரையாக நிறுத்தியவன் நானே. அன்று மாலையே படங்கள் முகநூலில் ஏறின. வழங்கியவர் பெயர்கள் கீழே, வாங்கிய முகங்கள் மேலே. மறுவாரம் ஒன்பதாந் தர மாணவியொருத்தி என்னிடம் வந்து, "கொப்பி தந்தது நல்லது சேர், படத்தை ஏன் போட்டவை?" என்று கேட்டாள். எனக்கு மறுமொழி இருக்கவில்லை.

2024இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், தொந்தரவு விளைக்கும் நோக்குடன் ஒருவரின் அந்தரங்கப் படத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. கொடையாளிக்கோ அந்நோக்கம் இல்லை. அவர் புண்ணியத்தையன்றோ நாடுகிறார்! மானத்துக்கு நேர்ந்த ஊறுக்காக உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழி நட்டஈடு கோரலாம் என்பர். கொப்பி வாங்க வசதியற்ற தாய் சட்டத்தரணியை எதனைக் கொண்டு அமர்த்துவாள்?

இவ்வாறு கூறுதல் மக்கள் படப்பிடிப்பாளரின் கையைக் கட்டாதோ எனச் சிலர் வினவலாம். கட்டாது. தடியோங்கும் அதிகாரியின் முகத்தைக் காட்டுதல் வேறு, கையேந்தும் சிறுமியின் முகத்தைக் காட்டுதல் வேறு. முன்னையது அதிகாரத்தைக் கணக்குக் கேட்பது. பின்னையது வறுமையைக் காட்சிப் பொருளாக்குவது. மேற்படி சட்டம் வாய்ப்பூட்டாகலாம் என்று பத்திரிகையாளரும் உரிமை இயக்கத்தினரும் எதிர்த்தமை நியாயமே. சட்டத்தின் அச்சத்தாலன்றிக் கொள்கையின் தெளிவாலேயே நாம் இவ்வேறுபாட்டைக் காக்கவேண்டும்.

இம்முறை கொப்பி வழங்க வந்தவர்களிடம், கொப்பிக் கட்டைப் படம் பிடியுங்கள், பிள்ளைகளை வேண்டாம் என்றேன். சிலர் முகஞ் சுளித்தனர். கொப்பிகள் குறையவில்லை.