உச்சி வெயிலும் உப்புத் தண்ணியும்

"உச்சி வெயில்ல தண்ணி ஊத்தாத ட்டீ, செடி வெந்துரும்."

வள்ளியூரில் பின்கட்டு இருக்கும் எந்த வீட்டிலும் ஓர் ஆச்சி தன் பேத்தியிடம் இதைச் சொல்வதைக் கேட்கலாம். செடிக்கு நீர் விடுவது பற்றி நம்மிடம் புழங்கும் நம்பிக்கைகளில் இதுதான் மிகப் பரவலானது. அதிகம் மறுக்கப்பட்டதும் இதுதான். மறுத்தவர்கள் சொன்னதில் பாதி சரி, ஆச்சி சொன்னதிலும் பாதி சரி. எந்தப் பாதி யாருடையது என்று பிரித்துக் காட்டாத மறுப்பைத் திறனாய்வு என்று ஏற்க முடியாது.

தோட்ட விதி ஒவ்வொன்றிலும் 'இதைச் செய்' என்ற கட்டளை இருக்கிறது, 'இதனால்தான்' என்ற காரணமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் வழக்கமான பிழை. காரணம் பொய்த்தால் கட்டளையையும் தூக்கி எறிகிறோம், கட்டளை பலித்தால் காரணத்தையும் நம்பிவிடுகிறோம். விதி எந்த மண்ணில், எந்தத் தண்ணீரில், எந்தக் காற்றில் பிறந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. என் அளவுகோலில் அந்தக் கேள்விக்கே முதலிடம்.

உச்சி வெயில் விதிக்குச் சொல்லப்படும் காரணம், இலைமேல் நிற்கும் நீர்த்துளி பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்பது. புடாபெஸ்டில் காபோர் ஹோர்வாத்தும் அவர் குழுவினரும் இதைச் சோதித்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழவழப்பான இலைகளின் மேல் கண்ணாடி மணிகளை வைத்தபோது இலை கருகியது. நீர்த்துளிகளை வைத்தபோது கருகவில்லை. துளி இலையோடு ஒட்டித் தட்டையாகக் கிடப்பதால், ஒளி குவியும் இடம் இலைக்கு வெகு கீழே போய்விடுகிறது. துளி உருண்டையாக நின்றாலும் அது ஆவியாகும்போது இலையைக் குளிர்விக்கிறது. நீரை ஒட்டவிடாமல் மயிர்களால் உயரே தாங்கிப் பிடிக்கும் ஒரு மிதவைப் பெரணியில் மட்டுமே இலை கருகியது. அந்த விதிவிலக்கையும் மறைக்காமல் எழுதியதால்தான் அந்த ஆய்வின்மேல் எனக்கு மதிப்பு. பொதுவாக நம் தோட்டத்துக்குப் பூதக்கண்ணாடிக் கதை பொருந்தாது.

ஆனால் ஆச்சி கண்ட கருகல் பொய்யல்ல. நம் ஊரிலிருந்து ராதாபுரம், கூடங்குளம் பக்கம் போகப் போகப் பல போர்க் கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை இலைமேல் தெளித்தால் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் இலையில் தங்கும். விளிம்பு பழுப்பேறிக் காய்கிற இலைகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். காலையிலிருந்து வெயிலில் கிடந்த கறுப்பு ஓஸைப் பகல் ஒரு மணிக்குத் திறந்து, முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடியுங்கள். கை தானாகப் பின்வாங்கும். அந்தத் தண்ணீரை வேரில் விட்டால் ஆச்சியின் சொல் அப்படியே பலிக்கும். ஆக, கட்டளை இந்த ஊருக்குத் தகும், காரணம் தகாது. கட்டளைக்கும் ஓர் எல்லை உண்டு. மண் காய்ந்து தொங்கிவிட்ட தொட்டிச் செடியை, உச்சி வெயில் என்பதற்காகச் சாயங்காலம் வரை காத்திருக்க வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். ஓஸில் நிற்கும் சூட்டை வெளியே விட்டுவிட்டு, இலையில் படாமல் தூரில் ஊற்றினால் போதும்.

'தினம் ஒரு செம்பு' என்ற விதிக்கு இந்தச் சலுகைகூட இல்லை. தவறாமல் ஊற்றும் ஒழுக்கம் போற்றத்தக்கது, ஆனால் முறை கெட்டது. தினம் ஒரு செம்பு வாங்கும் மண்ணில் மேல் இரண்டு விரற்கடை மட்டும் நனைகிறது. வேரும் ஈரம் தேடி அங்கேயே படர்கிறது, கீழே இறங்குவதில்லை. வெளியூர்ப் புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். உப்புத் தண்ணியில் இதைவிடப் பெரிய கேடு இருக்கிறது: ஒவ்வொரு செம்போடும் வந்த உப்பு வெளியேற வழியில்லாமல் வேரடியிலேயே சேர்கிறது. மண்தொட்டியின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோலப் பூக்கும் வெள்ளையை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும். பலர் அதைத் தொட்டியின் அழகு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இடைவெளி விட்டு, அடித்துளை வழியே ஒழுகும்வரை நிறைய ஊற்றினால்தான் உப்பு அடித்துக்கொண்டு போகும். ஒழுகிய நீர் தட்டில் நின்றால் அதே உப்பைச் செடி மறுபடி குடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை இந்தக் கழுவலைச் செலவில்லாமல் செய்து தருகிறது. மழைக்குத் தொட்டிகளைத் திண்ணைக்கு எடுத்து ஒதுக்கி வைப்பவர்கள் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

'வாடினால் தாகம்' என்பதும் சரியும் தவறும் கலந்த கூட்டுத்தான். ஏர்வாடி, களக்காடு பக்கம் ஏத்தன் வாழைத் தோப்பில் பகல் பன்னிரண்டு மணிக்கு நின்று பாருங்கள். இலையின் இரு பாதிகளும் நடுநரம்பை ஒட்டிக் கீழே மடங்கித் தொங்கும். வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ள வாழை கண்ட வழி இது. சாயங்காலம் தானாக விரியும். விடிகாலையிலும் மடங்கியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதுகூடத் தாகம் என்று முடிவு கட்டக் கூடாது. வேர் அழுகினாலும் செடி வாடும். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் வேர் மூச்சு முட்டிப்போகிறது, நீரை உறிஞ்சும் சக்தியை இழக்கிறது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடும். அதைக் கண்டு இன்னொரு குடம் ஊற்றுபவர், நோயையே மருந்தாகக் கொடுக்கிறார். விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் இந்த வாடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

வள்ளியூருக்கு மிகப் பெரிய கேடு செய்யும் நம்பிக்கை எது என்று கேட்டால், மேற்சொன்ன மூன்றையும் விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்வேன்: 'வெயில் குறைந்தால் தண்ணீரையும் குறை.' ஆற்றுப் பாசனத்து ஊர்களில் இதில் பெரிய தவறில்லை. இங்கே நிலைமை வேறு. ஆனி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேல்காற்று பாய்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம்மிடம் வருகிறது. முப்பந்தலிலிருந்து காவல்கிணறு, பணகுடி வரை காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். வானம் மூடியிருக்கும், சித்திரையின் காந்தல் இருக்காது, நாம் செம்பைக் கீழே வைத்துவிடுவோம். செடியோ ராத்திரியும் பகலும் காற்றுக்கு நீரைக் கொடுத்துக்கொண்டிருக்கும். நீர் ஆவியாவதைக் கணக்கிட ஹோவர்ட் பென்மன் 1948-இல் வகுத்த சமன்பாட்டில் வெயிலோடு, காற்றின் வேகமும் அதன் வறட்சியும் தனி உறுப்பாக நிற்கின்றன. நம் வழக்குச் சொல்லில் அந்த உறுப்பு விடுபட்டுப் போயிற்று. ஆடியில் மொட்டைமாடி மல்லிகை காய்ந்து போவதைத் திருஷ்டி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மேற்குப் பக்கம் ஒரு தென்னந்தட்டி மறைப்பு வைத்திருந்தால் அந்தக் காய்ச்சல் பெரிதும் குறைந்திருக்கும். காற்றாலையின் இறக்கை விடாமல் சுழலும் நாட்களில் தொட்டியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது இந்த ஊருக்கான விதி. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லும் ஜல்லியும் பரப்பினால் தண்ணீர் வடியும் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நுண்மண்ணிலிருந்து பெரிய இடைவெளிக்குள் நீர் எளிதில் இறங்காது. மேல்மண் முழுக்க ஊறிய பிறகுதான் இறங்கும். எட்கர் பக்கிங்ஹாம் 1907-இல் மண்ணின் நுண்துளை ஈர்ப்பைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே இதன் அடிப்படை தெரிந்ததுதான். ஜல்லி அடுக்கு, ஊறிய மண்ணை வேருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது. துளையின் மேல் மண் ஒழுகாமல் இருக்க ஒரே ஒரு சில்லை வைக்கலாம், அதற்கு மேல் வேண்டியதில்லை.

மேல்மண்ணைக் கொத்திவிட்டால் அடி ஈரம் காக்கும் என்பது இதைவிடக் கௌரவமான எதிராளி. ஒரு காலத்தில் அமெரிக்க மண்ணியலாளர்களே புழுதிப் போர்வை என்ற பெயரில் இதைப் பரப்பினார்கள். கலிபோர்னியாவில் வெயமையர் 1927-இல் வெளியிட்ட அளவீடுகள் அதைச் சாய்த்தன. களை இல்லாத இடத்தில், கொத்திய மண்ணுக்கும் கொத்தாத மண்ணுக்கும் ஈர இழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கொத்தினால் கிடைத்த லாபம், களையைக் கொன்ற லாபம். வெடிப்பு விழும் கரிசலுக்குக் கொத்து இன்னும் பொருந்தும், வெடிப்பு மூடும். வள்ளியூர்ச் செம்மண்ணுக்கு மண்வெட்டியைவிடச் சருகுதான் உதவி. தென்னைக்கு உரிமட்டையைக் குழிவு மேல்நோக்கி இருக்கும்படி அடுக்கிப் புதைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. மழைநீரைக் கிண்ணம் போல ஏந்தி, நார்க்கழிவில் பிடித்துவைத்துப் பல ஆண்டுகளுக்குக் கொடுக்கும். காரணமும் கட்டளையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அரிய விதி அது. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலும் இடம் பெற்றிருக்கிறது.

'வாடவிட்டால்தான் பூக்கும்' என்பதிலும் பழைய தோட்டக்காரர்களின் கண் நுட்பமாக வேலை செய்திருக்கிறது. எலுமிச்சையைச் சில வாரம் தண்ணீர் காட்டாமல் வாடவிட்டுப் பிறகு பாய்ச்சினால் பூ தள்ளும். காகிதப்பூவும் அப்படித்தான். அந்த வெற்றியைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் நீட்டியதுதான் பிழை. அவை வாடினால் பூவும் பிஞ்சும் உதிரும். ஒரு செடியின் குணத்தை எல்லாச் செடிக்கும் சட்டமாக்கியவர்கள் பெரும்பாலும் அதை முதலில் கண்டுபிடித்தவர்கள் அல்ல, அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள்.

அப்படிச் சொல்லும் ஓர் ஆச்சி தண்ணீர் ஊற்றுவதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். செம்பை எடுக்கும் முன் ஒவ்வொரு தொட்டியின் விளிம்பையும் பிடித்து லேசாகச் சாய்த்து, கனத்தைக் கையால் நிதானித்தார். கனமாக இருந்த இரண்டைத் தாண்டிப் போனார். கனம் குறைந்த ரோஜாத் தொட்டியில் அடியில் ஒழுகும்வரை ஊற்றினார். பேத்திக்கு அவர் வாயால் சொல்லிக்கொடுத்தது உச்சி வெயிலைப் பற்றி மட்டும். இந்தச் சாய்த்துப் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.