எந்த ஊர்த் தேனீயின் ஆண்டு?

தேனீக்கள் கோடையில் உழைத்துக் குளிர்காலத்திற்குத் தேன் சேமிக்கின்றன என்று நாமெல்லாம் படித்திருக்கிறோம். இதைச் சுவைபடச் சொல்லும் நூல், பெல்ஜிய எழுத்தாளர் மாரிஸ் மாட்டர்லிங்க் 1901-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ‘தேனீயின் வாழ்க்கை’. 1911-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற இவர், தாமே தேனீ வளர்த்தவர்.

நூலின் அமைப்பு ஓர் ஆண்டின் சுழற்சியே. வசந்தத்தில் கூட்டம் பெருகிப் பிரிகிறது. புதிய இராணி கலவிப் பறத்தலுக்குச் செல்கிறது. பின்னர் ஆண் தேனீக்கள் கொல்லப்படுகின்றன. குளிர்காலத்தில் தேனீக்கள் பந்துபோல் திரண்டு, சேமித்த தேனை உண்டு, உடற்சூட்டால் உயிர் காக்கின்றன. இவை கூர்ந்து நோக்கி எழுதப்பட்டவை, இன்றும் பிழையில்லை.

ஆனால், ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்து இதைப் படிக்கும் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கண்டது ஐரோப்பியத் தேனீ. நம் பக்கத்து மரப்பொந்துகளில் வாழ்வது இந்தியத் தேனீ. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் மார்கழி குளிரும். எனினும் உறைபனி நிலத்தை மூடுவதில்லை. வட ஐரோப்பா உறைந்து கிடக்கும் ஜனவரி, பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி மாந்தோப்புகள் பூக்கின்றன. தொடர்ந்து புங்கு, வேம்பு, புளி பூக்கின்றன. இங்கே கூட்டம் பெருகுவது அப்போதுதான். பூக்கள் குறைந்து மழை பெய்யும் மாதங்களே பஞ்சகாலம். உணவு வரத்துக் குறைந்தால் இராணி முட்டையிடுவதும் குறைகிறது. பஞ்சம் நீண்டால் கூட்டம் முழுவதுமே கூட்டைவிட்டு வெளியேறிவிடும். மலைத்தேனீயோ பூக்கும் இடம் நாடி ஆண்டுதோறும் இடம்பெயர்கிறது.

கூட்டின் ஒழுங்கைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆவி நடத்துவதாக மாட்டர்லிங்க் எழுதுகிறார். அழகிய கற்பனை, ஆனால் விளக்கம் அன்று. பூவின் வரவையும் குறைவையும் பார்த்தால், அங்குள்ள கூட்டின் ஆண்டும் இங்குள்ளதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. இங்குதான் கடுங்குளிர் இல்லையே என்று கோடை முடிவில் தேன் முழுவதையும் எடுப்பவரின் பெட்டி மழைக்காலத்தில் காலியாகலாம். தேனில் ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும். பஞ்சகாலத்தில் சர்க்கரைப்பாகு வைக்க வேண்டும். மாம்பூவில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பவரும், தேனீக்கள் மேயாத மாலை நேரத்தில் அடிப்பது நலம்.

நூலைப் படியுங்கள். கூடவே, உங்கள் ஊரில் எந்த மரம் எந்த மாதத்தில் பூக்கிறது என்று ஓராண்டு குறித்து வாருங்கள். நம் தேனீயின் ஆண்டு அந்தக் குறிப்பேட்டில்தான் கிடைக்கும்.