யாருக்கு ஓய்வு, யார் கையில் பேனா
‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையும் கணியம்பாடியும்

1

சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ (1892) கதையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழுத்து, மொழி, ஆண் அதிகாரம், பைத்தியத்தின் கலகம் என்று சொற்கள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. ஒன்று மட்டும் பின்னுக்குப் போய்விடுகிறது. கதைசொல்லி பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாதவள். குழந்தை கதைக்குள்தான் இருக்கிறது. மேரி என்ற பணிப்பெண் பார்த்துக்கொள்கிறாள். குழந்தையோடு இருக்க முடியவில்லை, பதற்றமாகிவிடுகிறது என்று தாய் ஓரிடத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். விமர்சனமும் அவளோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது.

கதை எளிமையானது. கணவன் ஜான் மருத்துவன். மனைவிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி, அவ்வளவுதான் என்பது அவன் முடிவு. கோடைக்கு வாடகைக்கு எடுத்த வீட்டின் மாடியறையில், கம்பி போட்ட ஜன்னல்களுக்குள் அவளை ஓய்வெடுக்க வைக்கிறான். எழுதக் கூடாது. அவள் ஒளித்து ஒளித்து எழுதுகிறாள். சுவர்த்தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டிருப்பதைப் பார்க்கிறாள். கடைசியில் தாளைக் கிழித்தெறிந்து, மயங்கி விழுந்த கணவனைத் தாண்டித் தாண்டித் தவழ்கிறாள்.

இதன் பின்னால் கில்மனின் சொந்த வாழ்க்கை இருக்கிறது. 1885இல் மகள் பிறந்தாள். அதன் பிறகு முற்றிய மனச்சோர்வுக்காக 1887இல் ஃபிலடெல்ஃபியாவில் சைலஸ் வியர் மிட்செல் என்ற புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவரிடம் போனார். மிட்செலின் ‘ஓய்வு சிகிச்சை’ என்பது படுக்கை, கொழுத்த உணவு, மசாஜ், தனிமை. வீட்டுக்கு அனுப்பும்போது சொன்ன அறிவுரையை கில்மன் 1913இல் எழுதிய ஒரு குறிப்பில் பதிவு செய்கிறார்: ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை கூடாது, ஆயுள் முழுக்கப் பேனாவையோ தூரிகையையோ தொடக் கூடாது. அதைப் பின்பற்றிய சில மாதங்களில் புத்தி பேதலிப்பின் விளிம்புவரை போய்வந்ததாகவும் சொல்கிறார்.

1973இல் ஃபெமினிஸ்ட் பிரஸ் இக்கதையை மறுபதிப்புச் செய்ததும் அது பெண்ணியத்தின் மூலப் பிரதிகளில் ஒன்றானது. 1979இல் கில்பர்ட், கூபர் இருவரும் சுவர்த்தாளைக் கிழிப்பதை ஒரு விடுதலையாக வாசித்தார்கள். அந்த வாசிப்பின் வலுவை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கொஞ்சம் நின்று கேட்போம்: அவள் தவழ்கிறாள். எழுந்து நிற்கவில்லை. நாளைக் காலையில் அவளுக்கு என்ன ஆகும்? குழந்தைக்கு என்ன ஆகும்? பைத்தியத்தைக் கலகத்தின் உருவகமாக மாற்றிவிட்டால் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது. உருவகத்துக்குப் பால் கட்டிக்கொள்வதில்லை; தூக்கம் கெடுவதுமில்லை.

2

1989இல் சூசன் லான்சர் எழுதிய கட்டுரை இந்த வாசிப்பை வேறொரு பக்கமிருந்து உலுக்கியது. அந்த மஞ்சள், அன்றைய அமெரிக்காவின் குடியேறிகள் மீதான இனவெறிப் பேச்சோடு தொடர்புடைய நிறம் என்றார். வெள்ளைப் பெண்ணின் அனுபவத்தைப் ‘பெண்’ அனுபவமாகப் பொதுமைப்படுத்தியது யார் என்பது அவர் கேள்வி. அதையே இன்னும் கொஞ்சம் நீட்டலாம். ஓய்வு சிகிச்சை யாருக்கு? பிள்ளையைத் தூக்க மேரியும், வீட்டைப் பார்க்க நாத்தி ஜென்னியும் இருக்கிறவளுக்கு. மேரிக்கு மனம் சோர்ந்தால் அவளை எந்த மாடியறையில் படுக்க வைப்பார்கள்? பிரதி மௌனம்.

இங்கிருந்து வேலூரை அடுத்த கணியம்பாடிக்கு வருவோம். 2002இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி’யில் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 கிராமத்துப் பெண்களைப் பிரசவத்துக்குப் பின்னும் தொடர்ந்து பார்த்த ஆய்வு. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணங்களாக ஆய்வாளர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், உடல்வேலைக்குக் கைகொடுக்க ஆளில்லாமை.

கடைசிக் காரணத்தை கில்மனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1887இல் ஒரு பெண்ணை நோயாளியாக்கியது திணிக்கப்பட்ட ஓய்வு. நம் ஊரில் பெண்களை நோயாளியாக்குகிறவற்றில் ஒன்று ஓய்வே இல்லாமை. மேலோட்டமாக இரண்டும் எதிரெதிர். உள்ளே போனால் ஒன்றுதான். அவள் எப்போது படுக்க வேண்டும், எப்போது எழ வேண்டும், என்ன பிள்ளை பெற வேண்டும் என்பதை அவளைத் தவிர மற்ற எல்லோரும் முடிவுசெய்கிறார்கள்.

3

நம் சொல்லாடலில் ‘தாய்மை’ புனிதம். புனிதத்துக்கு நோய் வராது. வந்தால் அது குற்றம் அல்லது பேய். பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்கிறோம். எவ்வளவு கரிசனமான சொல்! அந்த உடம்புக்குப் பத்தியம் உண்டு, காயம் உண்டு, வெந்நீர் உண்டு. மனசுக்கு என்று வரும்போது மட்டும், “புள்ளையும் கையுமா இருக்கிறவளுக்கு என்னடி குறை?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறோம். பிள்ளை மேல் பாசமே வரமாட்டேங்குது என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்ல நம் உரைநடை இடம் கொடுக்கவில்லை. தாலாட்டு கொடுத்திருக்கிறது. தூங்கவைக்கும் சாக்கில் உறவுகளை வரிசையாக நிறுத்தி வழக்குத் தீர்த்த பெண் குரல் அதில் உண்டு. நாம் அதைத் தொகுத்து, ‘தாயன்பின் வெளிப்பாடு’ என்று தலைப்பிட்டு, பாடநூலில் சேர்த்துவிட்டோம்.

1987இல் ஸ்காட்லாந்தில் உருவான ‘எடின்பரோ அளவுகோல்’ பத்தே கேள்விகள் கொண்டது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தன்னைத்தானே தேவையில்லாமல் பழித்துக்கொண்டதுண்டா, தன்னைத் தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. பிள்ளை பெற்ற எவளுக்கும் வரக்கூடிய களைப்பையும் பசியின்மையையும் நோயின் அடையாளமாக எண்ணிவிடக் கூடாது என்பதால் உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். தமிழ் வடிவத்தைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. இதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். மூலத்தில் இது அவள் தானாகப் படித்துத் தானாகக் குறியிடும் தாள். பேனா அவள் கையில். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு இன்னொருவர் வாசித்துக் காட்டும் கணத்தில் பேனா கை மாறுகிறது. பக்கத்தில் மாமியார் நிற்கிறார், வாசலில் புருஷன். “அழுகை வருதாம்மா?” “அதெல்லாம் இல்லீங்க.” மதிப்பெண் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் ஆரோக்கியம் அல்ல. அந்த வீட்டின் அதிகார அமைப்பு.

4

இதைச் சொன்னவுடன் நம் தோழர்கள் சிலர், “பார்த்தீர்களா, மனநோய் என்பதே அதிகாரத்தின் கட்டமைப்புதான், மருத்துவம் ஒடுக்குமுறைதான்” என்று ஃபூக்கோவைத் துணைக்கு அழைப்பார்கள். இங்கே உறுதியாக மறுக்க வேண்டியிருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், சட்டென்று. தூக்கம் போகும், குரல்கள் கேட்கும், பிள்ளையைப் பற்றி விபரீத நம்பிக்கைகள் வரும். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. அது அவசர சிகிச்சைக்குரியது. சிகிச்சையில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். வேப்பிலை அடிக்கிற பூசாரியும், ‘பைத்தியமே கலகம்’ என்கிற கோட்பாட்டாளரும் அவளைப் பொறுத்தவரை ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். மருந்து அவளை எட்டும் நாளைத் தள்ளிப்போடுகிறார்கள்.

மிட்செலிடம் இருந்த தவறு அவர் மருத்துவராக இருந்தது அல்ல. நோயாளி சொன்னதைச் சான்றாக எடுத்துக்கொள்ள மறுத்ததுதான். மருத்துவத்தையே நிராகரிக்கிற நாமும் அவள் “எனக்கு முடியலை” என்று சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. அதையும் குறியீடாக்கிவிடுகிறோம்.

கேட்டுப் பெற வேண்டியவை பிரதிக்கு வெளியே இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. அவளால் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதிப் பிரித்தாலும் 15 நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009இல் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. அப்படியொரு படுக்கை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் நாம் கேட்டிருக்கிறோமா? படுக்கை இல்லாத ஊரில் அந்தச் சட்டப் பிரிவு வெறும் தாள்தான். பத்துக் கேள்விகளையும் மாமியார் கேட்காத இடத்தில் கேட்க வேண்டும். பதில் சொல்லும் அந்தக் கால் மணி நேரம் பிள்ளையை வேறொரு கை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கை எப்போதும் மேரியின் கையாகவே இருக்க வேண்டியதில்லை. ஜானுக்கும் இரண்டு கை இருக்கிறது.